பெருநாடி வீக்கத்தோடு வாழ்தல்

2024 ஆம் ஆண்டு செப்டெம்பர் 30 ஆம் திகதி இரவு நடிகர் ரஜினிகாந்த் சென்னை அப்பலோ வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார் என்ற செய்தி தமிழ் பேசும் ஊர்கள் எங்கும் பரவியது. மாரடைப்பு என்றார்கள் சிலர், வயிற்று வலி என்றார்கள் வேறு சிலர். மறுநாள் வைத்தியசாலை வெளியிட்ட அறிக்கையில் உண்மை தெரிந்தது. இதயத்திலிருந்து புறப்படும் பிரதான குருதிக்குழாயில் அவருக்கு ஒரு வீக்கம் இருந்தது. நெஞ்சைத் திறக்காமல், மெல்லிய குழாய் ஒன்றை உட்செலுத்தி, வீங்கிய இடத்தில் ஸ்டென்ற் வைத்து அந்த வீக்கத்தை அடைத்திருந்தார்கள். ஒக்டோபர் முதல் வாரத்திலேயே அவர் வீடு திரும்பினார். பின்னர் படப்பிடிப்புக்கும் போனார்.

அந்தச் செய்தியில் பலர் கவனிக்காமல் விட்ட ஒரு விடயம் உண்டு. அது திடீரென்று நடந்த சிகிச்சை அல்ல. இப்படியொரு சிகிச்சை செய்துகொள்ளப் போவதை அவர் முன்னரே தம்மிடம் தெரிவித்திருந்ததாக, அப்போது அவரை வைத்துப் படமெடுத்துக்கொண்டிருந்த இயக்குநர் லோகேஷ் கனகராஜ் விளக்கினார். வீக்கம் இருப்பது முன்கூட்டியே தெரிந்திருந்தது. ஆகவே நாள் குறித்து, ஆயத்தமாகிச் சிகிச்சை பெற முடிந்தது. இந்த நோயில் உயிர் தப்புவதற்கும் தப்பாமல் போவதற்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இதுதான்: முன்பே தெரிந்திருந்ததா, இல்லையா?

அக்கரைப்பற்று, ஆலையடிவேம்பு, அட்டாளைச்சேனை, நிந்தவூர், கல்முனை என்று நீளும் எமது கரையில் யுத்தமும் சுனாமியும் பெண்களின் தலையில் ஏற்றிய சுமை கொஞ்சமல்ல. கணவனை இழந்தவர்கள், பிள்ளையைத் தேடிக்கொண்டிருப்பவர்கள், தனியாகக் குடும்பத்தை இழுப்பவர்கள் எல்லாரும் தங்கள் உடம்பைக் கடைசியாகத்தான் பார்க்கிறார்கள். இப்படிப்பட்ட ஒருவரிடம் "உங்கட வயிற்றுக்குள்ள பெரிய நரம்பு வீங்கியிருக்கு, ஆறு மாதத்துக்குப் பிறகு திரும்ப வாங்க" என்று கிளினிக்கில் சொன்னால் அவர் என்ன நினைப்பார்? ஒன்றில் அன்றிலிருந்து நித்திரையில்லாமல் பயந்து சாவார். அல்லது வலி ஒன்றுமில்லையே என்று துண்டை அலுமாரிக்குள் போட்டு மறந்துவிடுவார். இரண்டும் சரியல்ல. இந்த வீக்கத்தோடு பயமில்லாமல், ஆனால் கவனத்தோடு வாழலாம். அதற்குத் தேவையான விளக்கமே இக்கட்டுரை.

பெருநாடி என்றால் என்ன?

இதயத்திலிருந்து உடம்பு முழுவதற்கும் குருதியைக் கொண்டுசெல்லும் மிகப் பெரிய குழாயே பெருநாடி. வயற்காணிகளுக்கு நீர் பாய்ச்சும் தலை வாய்க்காலை நினைத்துப் பாருங்கள். குளத்திலிருந்து ஒரே வாய்க்காலாகப் புறப்படும் நீர் வழியில் கிளை கிளையாகப் பிரிந்து வரவைகளுக்குப் போகிறது. பெருநாடியும் இதயத்திலிருந்து மேலெழுந்து, வளைந்து, முதுகெலும்பின் முன்புறமாக நெஞ்சினூடாக வயிற்றுக்குள் இறங்குகிறது. தொப்புள் மட்டத்தில் இரண்டாகப் பிரிந்து கால்களுக்குச் செல்கிறது.

வாய்க்கால் வரம்பில் ஓரிடம் இளகிவிட்டால் நீரின் அமுக்கத்தில் அந்த இடம் வெளியே தள்ளத் தொடங்கும் அல்லவா? அதுபோலவே பெருநாடியின் சுவர் பலவீனமான இடத்தில் மெல்ல மெல்லப் புடைக்கிறது. இதைத்தான் டொக்டர்மார் அனியூரிஸம் என்கிறார்கள். வயிற்றுப் பகுதியில் பெருநாடியின் அகலம் சாதாரணமாக 2 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். பெண்களுக்கு அதைவிடச் சற்றுக் குறைவு. 3 சென்ரிமீற்றரை எட்டினால் வீக்கம் என்று கணக்கிடுகிறார்கள்.

இது புற்றுநோய்க் கட்டி அல்ல. தொற்றுநோயும் அல்ல. பெரும்பாலானோருக்கு வலியும் இராது. பித்தப்பைக் கல்லுக்கோ கருப்பைக்கோ வேறு எதற்கோ ஸ்கான் செய்யும்போது தற்செயலாகத் தெரியவருவதே அதிகம். மெலிந்த உடம்புள்ள சிலர் மல்லாந்து படுத்திருக்கும்போது தொப்புளுக்கு மேலே ஏதோ துடிப்பதை உணர்வதுண்டு. மெலிந்தவர்களுக்கு வீக்கம் இல்லாமலே அந்தத் துடிப்பு தெரியலாம். ஆகவே துடிப்பை வைத்து நாமே முடிவு கட்டாமல் டொக்டரிடம் காட்ட வேண்டும்.

யாருக்கு வருகிறது?

அறுபது வயதைத் தாண்டியவர்கள், நீண்டகாலம் புகைபிடித்தவர்கள், குருதி அமுக்கம் கூடியவர்கள், கொழுப்புப் படிவு உள்ளவர்கள் ஆகியோருக்கே வயிற்றுப் பெருநாடி வீக்கம் பெரும்பாலும் வருகிறது. இவற்றுள் முதல் எதிரி புகைத்தல்தான். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருந்தால் ஏனையோருக்கும் வரும் வாய்ப்புக் கூடுகிறது. ஆகவே வாப்பாவோ, அப்பாவோ, காக்காவோ, அண்ணனோ "வயிற்று நரம்பு வெடித்து" இறந்ததாகக் குடும்பத்தில் ஒரு கதை இருந்தால் அதைக் கட்டாயம் டொக்டரிடம் சொல்லுங்கள்.

இது ஆண்களின் நோய் என்றொரு எண்ணம் உண்டு. ஆண்களுக்கு அதிகம் வருவது உண்மையே. பிரித்தானியாவில் 65 வயதை எட்டும் ஆண்கள் அனைவருக்கும் ஒருமுறை வயிற்று ஸ்கான் செய்கிறார்கள், பெண்களை அழைப்பதில்லை. ஆனால் வீக்கம் வந்துவிட்ட பெண்களுக்கு ஆபத்து அதிகம். ஒரே அளவு வீக்கமுள்ள ஆணையும் பெண்ணையும் ஒப்பிட்டால், பெண்ணுக்கு அது வெடிக்கும் வாய்ப்பு மூன்று நான்கு மடங்கு கூட என்று பிரித்தானியாவில் நடந்த ஆய்வு காட்டியது. பெண்களின் குழாய் இயல்பாகவே சிறியது என்பதால் 5 சென்ரிமீற்றர் வீக்கம் அவர்களுக்கு இன்னும் பெரிய வீக்கமாகிவிடுகிறது. "பொம்பிளைகளுக்கு இது வராது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இளம் பெண்களைப் பாதிக்கும் இன்னொரு நோயும் உண்டு. 1908 ஆம் ஆண்டு ஜப்பானியக் கண் வைத்தியர் மிக்கிற்றோ தக்கயாசு முதலில் விபரித்ததால் அது தக்கயாசு நோய் எனப்படுகிறது. பெருநாடியின் சுவரே அழற்சியுற்று, சில இடங்களில் ஒடுங்கியும் சில இடங்களில் வீங்கியும் போகும். நாற்பது வயதுக்குட்பட்ட பெண்களையே இது பெரும்பாலும் பிடிக்கிறது, அதிலும் ஆசிய நாட்டுப் பெண்களை. ஒரு கையில் நாடி பிடிபடாமல் இருத்தல், இரு கைகளிலும் பிரஷர் வேறு வேறாகக் காட்டுதல், கையை உயர்த்தி வேலை செய்யும்போது சோர்ந்துபோதல் ஆகியவை இதன் அடையாளங்கள். இந்நோயோ பெருநாடி வீக்கமோ உள்ள பெண் கருத்தரிக்க விரும்பினால், அதற்கு முன்பே விசேட வைத்திய நிபுணரிடம் ஆலோசனை பெற வேண்டும். கர்ப்பகாலத்தில் பெருநாடியின் மேல் விழும் சுமை கூடுவதே காரணம்.

யுத்தக் காயமும் குருதிக்குழாயும்

எமது வாசகியர் தனியாக அறிந்துகொள்ள வேண்டிய விடயம் இது. ஷெல் சன்னமோ துப்பாக்கிச் சன்னமோ பாய்ந்த இடத்தில் குருதிக்குழாயின் சுவர் சிறிதாகக் கிழிந்திருக்கலாம். கசிந்த குருதியைச் சுற்றி ஒரு பை போல உருவாகி, அது பல மாதங்கள், சிலவேளை பல வருடங்கள் கழித்து வெளியே தெரியலாம். இதனைப் போலி வீக்கம் என்பர். தொடை, கை, கழுத்து போன்ற இடங்களில் பழைய காயத்தருகே துடிக்கும் கட்டி ஒன்று தோன்றினால், அதைச் சீழ்க்கட்டி என்று நினைத்துக் கீறவோ எண்ணெய் தடவி உருவவோ இடமளிக்க வேண்டாம். கை வைத்துப் பார்த்தால் நாடித் துடிப்போடு சேர்ந்து அது துடிக்கும். நேரே வைத்தியசாலைக்குப் போங்கள்.

உடம்புக்குள் இன்னும் சன்னம் இருப்பவர்கள் எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கும் முன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த இயந்திரம் சக்தி மிக்க காந்தத்தால் வேலை செய்கிறது. உள்ளிருக்கும் இரும்புத் துண்டை அது அசைக்கக்கூடும். எப்படிக் காயம் வந்தது என்று யாரும் துருவிக் கேட்பார்களோ என்ற பயத்தில் சிலர் மறைத்துவிடுகிறார்கள். "உள்ளே இரும்புத் துண்டு இருக்கிறது" என்ற ஒரு வசனம் போதும்.

அளவே வழிகாட்டி

பெருநாடி வீக்கத்தில் கேட்க வேண்டிய முதற் கேள்வி "எத்தனை சென்ரிமீற்றர்?" என்பதுதான். வயிற்றுப் பெருநாடிக்குப் பல நாடுகளில் பின்பற்றப்படும் கணக்கு ஏறத்தாழ இப்படி:

3 முதல் 4.4 சென்ரிமீற்றர் வரை சிறிய வீக்கம். வருடத்துக்கு ஒருமுறை ஸ்கான் போதும். சில நாடுகளில் 4 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் இன்னும் நீண்ட இடைவெளி விடுகிறார்கள்.

4.5 முதல் 5.4 வரை நடுத்தர வீக்கம். மூன்று மாதம் முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஆண்களுக்கு 5.5, பெண்களுக்கு 5 சென்ரிமீற்றர் என்ற அளவை எட்டும்போது சத்திரசிகிச்சை பற்றிப் பேசத் தொடங்குவார்கள். அதற்கு முன்னரே வேகமாக வளர்ந்தாலும், வலி தோன்றினாலும் காத்திருக்க மாட்டார்கள்.

நெஞ்சுப் பகுதிப் பெருநாடிக்கு அளவுகள் வேறு. அதை எக்கோ, சீ.ரி. ஸ்கான் போன்றவற்றால் பார்க்கிறார்கள். ஆகவே ஒருவருக்குச் சொன்ன கணக்கை மற்றவர் தனக்கென எடுத்துக்கொள்ளக் கூடாது.

"வீக்கம் இருக்கு என்று தெரிந்தும் வெட்டி எடுக்காமல் ஏன் காத்திருக்கச் சொல்கிறார்கள்? நாங்கள் ஏழைகள் என்பதாலா?" என்று கேட்பவர்கள் உண்டு. அப்படியல்ல. பிரித்தானியாவில் 4 முதல் 5.5 சென்ரிமீற்றர் வரை வீக்கமுள்ள 1,090 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினருக்கு உடனே சத்திரசிகிச்சை செய்தார்கள். மறு பகுதியினரை ஸ்கான் செய்து அவதானித்தார்கள். 1998 ஆம் ஆண்டு வெளியான முடிவின்படி, அவசரப்பட்டுச் செய்ததால் கூடுதலான உயிர்கள் காக்கப்படவில்லை. சிறிய வீக்கத்துக்குச் சத்திரசிகிச்சையின் ஆபத்தே பெரிது. கவனமாகக் காத்திருப்பதும் ஒரு சிகிச்சைதான். ஆனால் ஸ்கானுக்குப் போகாமல் இருப்பதற்குப் பெயர் காத்திருப்பு அல்ல.

ஐன்ஸ்டைன் வாழ்ந்த ஆறு வருடங்கள்

உலகப் புகழ்பெற்ற விஞ்ஞானி அல்பேர்ட் ஐன்ஸ்டைனுக்கும் வயிற்றுப் பெருநாடியில் வீக்கம் இருந்தது. 1948 ஆம் ஆண்டு நியூயோர்க்கில் சத்திரசிகிச்சை நிபுணர் ருடோல்ஃப் நிசென் வயிற்றைத் திறந்து பார்த்தார். பழுதான குழாயை மாற்றும் முறை அப்போது இல்லை. ஆகவே வீக்கத்தைச் சுற்றி செலோபேன் தாளைப் பொதிந்துவிட்டார். அது உறுத்தி, சுற்றிலும் தழும்பு வளர்ந்து, சுவருக்குப் பலம் தரும் என்பதே எண்ணம். அதன்பின் ஐன்ஸ்டைன் ஆறு வருடங்களுக்கு மேல் வாழ்ந்து தன் வேலையைச் செய்தார். 1955 ஏப்ரலில் வீக்கம் வெடித்தபோது இன்னொரு சத்திரசிகிச்சையை மறுத்து, அம்மாதம் 18 ஆம் திகதி தனது 76 ஆவது வயதில் காலமானார்.

அதற்குள் வைத்தியம் முன்னேறத் தொடங்கியிருந்தது. 1951 இல் பாரிஸ் நகரில் சார்ல்ஸ் டுபொஸ்ட் வீங்கிய பகுதியை எடுத்துவிட்டு வேறு குழாய் பொருத்திக் காட்டினார். 1990 இல் ஆர்ஜென்டீனாவில் ஹுவான் பரோடி, வயிற்றைத் திறக்காமல் தொடை வழியாகக் குழாய் செலுத்தி உள்ளுறை வைத்தார். ரஜினிகாந்துக்குச் செய்யப்பட்டதும் இந்த வழியில் வளர்ந்து வந்த முறையே.

எங்கே போவது?

இந்த நோயைத் தேடிப் பிடிக்கும் தேசியத் திட்டம் எமது நாட்டில் இல்லை. ஆகவே நாமே வாய் திறந்து கேட்க வேண்டும். அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலை, கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை, கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை ஆகிய எதன் வெளிநோயாளர் பிரிவிலும் தொடங்கலாம். அங்கிருந்து தேவைக்கேற்ப அம்பாறை பொது வைத்தியசாலைக்கோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ அனுப்புவார்கள். குருதிக்குழாய் சத்திரசிகிச்சை நிபுணர்கள் கொழும்பு, கண்டி தேசிய வைத்தியசாலைகளில் இருக்கிறார்கள். அரச வைத்தியசாலையில் கிளினிக்கும் சிகிச்சையும் இலவசம். நாற்பது வயதைக் கடந்த பெண்கள் தங்கள் பகுதியின் சுகவாழ்வு நிலையத்தில் பிரஷரும் சீனியும் பார்த்துக்கொள்ளலாம்.

வயிற்று ஸ்கான் வலியில்லாதது. கதிர்வீச்சும் இல்லை. வயிற்றின் மேல் பசை போலொன்றைத் தடவி ஒரு கருவியை வைத்துப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். வெறுவயிற்றோடு வரச் சொன்னால் அப்படியே போங்கள். குடலில் காற்று நிறைந்திருந்தால் பெருநாடி தெளிவாகத் தெரியாது. ஆண் ஒருவர் ஸ்கான் செய்வதற்குத் தயக்கம் இருந்தால், கூட ஒரு பெண் தாதியோ உங்கள் மகளோ அறையில் நிற்க அனுமதி கேட்கலாம். வெட்கத்தால் ஸ்கானைத் தவறவிட வேண்டாம்.

சீ.ரி. ஸ்கானுக்கு ஊசி மூலம் சாயம் ஏற்றுவதுண்டு. சிறுநீரக நோய், ஒவ்வாமை, கர்ப்பம் ஆகியவற்றில் எது இருந்தாலும் முதலில் சொல்லிவிட வேண்டும்.

ஒரு கொப்பி வைத்திருங்கள்

இடம்பெயர்வில் பிறப்பத்தாட்சிப் பத்திரம் தொலைத்தவர்களுக்கும், சுனாமியில் காணி உறுதி தொலைத்தவர்களுக்கும் ஒரு காகிதத்தின் பெறுமதி தெரியும். இந்த நோயில் பழைய றிப்போட்டுக்கு அதே பெறுமதி உண்டு. இன்றைய அளவு 4.3 என்றால் அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று சொல்ல, போன வருட அளவு வேண்டும். போன வருடம் 4.2 ஆக இருந்தால் நிம்மதி. 3.4 ஆக இருந்தால் உடனே கவனிக்க வேண்டும்.

ஆகவே ஒரு சிறிய கொப்பியில் ஒவ்வொரு முறையும் நான்கு விடயங்களை எழுதுங்கள், அல்லது பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள். ஸ்கான் செய்த திகதி. வீக்கத்தின் அளவு. அது பெருநாடியின் எந்தப் பகுதியில் உள்ளது. அடுத்து எப்போது வர வேண்டும். பின்பக்கத்தில் பிரஷர் அளவுகளையும் குடிக்கும் மருந்துகளின் பெயர்களையும் எழுதலாம். றிப்போட்டுகளைப் பொலித்தீன் உறையிலிட்டு, வெள்ளம் வந்தால் முதலில் தூக்கும் பையில் வையுங்கள். ஒவ்வொன்றையும் போனில் படமெடுத்து, நம்பிக்கையான ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

ஸ்கான் செய்பவர் மாறினால் ஓரிரு மில்லிமீற்றர் கூடியோ குறைந்தோ காட்டலாம். அதற்காகக் கலங்க வேண்டாம். இயன்றவரை ஒரே இடத்தில் பார்ப்பது நல்லது.

மொழிப் பிரச்சினையும் எமக்குத் தெரியாததல்ல. அம்பாறையிலோ கொழும்பிலோ சிங்களத்தில் விளக்கம் சொன்னால் தலையாட்டிவிட்டு வருகிறோம். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழிதான். தமிழ் தெரிந்த தாதியை அழைத்துக் கேட்பது உங்கள் உரிமை. அதுவும் இயலாவிட்டால் கொப்பியை நீட்டி அளவை எழுதித் தரச் சொல்லுங்கள். இலக்கம் எல்லா மொழியிலும் ஒன்றுதான்.

அன்றாட வாழ்க்கை

வீக்கத்தைக் கரைக்கும் மருந்து இதுவரை இல்லை. கசாயமோ எண்ணெயோ அதைக் கரைக்காது. ஆனால் அது வளரும் வேகத்தையும் வெடிக்கும் ஆபத்தையும் குறைக்க நம் கையில் சில வழிகள் உண்டு.

முதலாவது, குருதி அமுக்கம். மாத்திரையை ஒருநாளும் விடக் கூடாது. "பிரஷர் இறங்கிற்று" என்று நாமாக நிறுத்தினால் அது திரும்ப ஏறும். பொதுவாக 130/80 அளவுக்குள் வைத்திருக்க டொக்டர்மார் விரும்புவார்கள். உங்களுக்கு எந்த அளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் மருந்து கிடைக்காமல் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டீர்கள். மாத்திரை முடிவதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்த மாதத்துக்குரியதை எடுத்துவிடுவது நல்லது.

இரண்டாவது, உப்பு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டி. எமது சமையலில் கருவாடு, அச்சாறு, ஊறுகாய் என்று ஒரு நேரச் சாப்பாட்டிலேயே அது முடிந்துவிடுகிறது. கருவாட்டை முற்றாக விடக் கஷ்டமாயின், வாரத்துக்கு ஒரு நாள் என்று குறைத்து, நன்கு ஊறவைத்துக் கழுவிச் சமைக்கலாம்.

மூன்றாவது, புகையிலை. எமது பெண்களில் புகைபிடிப்போர் அரிது. ஆனால் வீட்டு ஆண்களின் சிகரட், பீடிப் புகை யாருடைய நெஞ்சுக்குள் போகிறது? வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கமும் குருதிக்குழாய்க்குக் கேடு. வீட்டுக்குள் புகைக்க வேண்டாம் என்று சொல்வதற்கு இந்த நோயையே காரணமாக வையுங்கள்.

நான்காவது, பாரம். நடக்கலாம், வீடு கூட்டலாம், சமைக்கலாம், தையல் மெசினில் இருக்கலாம். மெதுவாக நடப்பது உடம்புக்கு நல்லதே. மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கும் பாரம்தான் கூடாது. நெல் மூட்டை, நிறைகுடம், எரிவாயு சிலிண்டர் ஆகியவற்றை வேறு யாராவது தூக்கட்டும். ஆளில்லாத வீட்டில் பெரிய குடத்துக்குப் பதிலாகச் சிறிய வாளியில் இரண்டு மூன்று தடவை அள்ளலாம். மலம் கழிக்க முக்குவதும் பிரஷரை ஏற்றும். ஆகவே கீரை, பழம், தண்ணீர் தேவை.

ஐந்தாவது, வயிற்றை உருவுதல். குடலேற்றம் என்றும், நரம்பு விலகியது என்றும் சொல்லி வயிற்றை அழுத்தித் தடவும் வழக்கம் எங்களிடம் உண்டு. பெருநாடி வீக்கம் உள்ளவரின் வயிற்றை யாரும் அழுத்தக் கூடாது.

நோன்பும் மருந்தும்

நோன்பு மாதத்தில் பலர் மாத்திரையைத் தம் விருப்பப்படி விட்டுவிடுகிறார்கள். றமழானுக்கு முன்பே கிளினிக்கில் கேளுங்கள். நாளுக்கு ஒருமுறை குடிக்கும் மாத்திரையை ஸஹருக்கோ நோன்பு திறந்த பின்போ மாற்றித் தர முடியும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அதை ஏற்பதில் குறைவொன்றும் இல்லை. கந்தசஷ்டி, கௌரி விரதம் பிடிக்கும் சகோதரிகளும் அவ்வாறே முன்கூட்டி ஆலோசனை பெறலாம்.

எல்லா மருந்தும் ஒன்றல்ல

சிறுநீர்த் தொற்றுக்கும் வயிற்றோட்டத்துக்கும் சிப்ரோபுளொக்சசின் என்ற அன்ரிபயோட்டிக் அடிக்கடி கொடுக்கப்படுகிறது. அந்த வகை மருந்துகள் பெருநாடி வீக்கம் உள்ளவர்களுக்கு ஆபத்தைக் கூட்டலாம் என்றும், வேறு வழியில்லாவிட்டாலன்றிக் கொடுக்க வேண்டாம் என்றும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2018 டிசெம்பரில் எச்சரித்தது. ஆகவே பாமசியில் நாமாகவே அன்ரிபயோட்டிக் வாங்கக் கூடாது. எந்த டொக்டரிடம் போனாலும் "எனக்குப் பெருநாடி வீக்கம் இருக்கிறது" என்பதை முதல் வசனமாகச் சொல்லுங்கள். மூட்டு வலிக்கு நாளாந்தம் விழுங்கும் வலி மாத்திரைகள் சிலவும் பிரஷரைக் கூட்டும். அவற்றையும் கேட்டே எடுங்கள்.

உடனே ஓட வேண்டிய நேரம்

பின்வருவன தோன்றினால் காலையில் பார்ப்போம் என்று இருக்க வேண்டாம்.

திடீரெனத் தாங்க முடியாத வயிற்று வலி அல்லது முதுகு வலி, விலாவிலிருந்து அரைப்பகுதிக்கு இறங்கும் வலி.

நெஞ்சையோ முதுகையோ கிழிப்பது போன்ற வலி.

குளிர்ந்த வியர்வை, தலைசுற்று, மயக்கம், முகம் வெளிறுதல்.

ஒரு கால் திடீரெனக் குளிர்ந்து மரத்துப்போதல்.

இந்த வலியைக் கெஸ்ரிக் என்றும் சிறுநீரகக் கல் என்றும் தவறாக எண்ணிவிடுவது சாதாரணம். இஞ்சித் தண்ணீர் குடித்துப் பார்க்க நேரமில்லை. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அது தாமதமானால் கிடைக்கும் வாகனத்தில் போங்கள். கொப்பியையும் கையோடு கொண்டுபோங்கள். வாசலில் நுழையும்போதே வீக்கம் இருப்பதைச் சொன்னால் அங்குள்ளவர்கள் நேரத்தை வீணாக்க மாட்டார்கள்.

சத்திரசிகிச்சை என்று சொன்னால்

இரண்டு வழிகள் உண்டு. வயிற்றைத் திறந்து, வீங்கிய பகுதியில் செயற்கைக் குழாய் தைப்பது ஒன்று. அதற்கு ஒரு வாரமோ கூடவோ வைத்தியசாலையில் தங்க வேண்டும். உடம்பு பழைய நிலைக்கு வர இரண்டு மூன்று மாதம் செல்லும். தொடை வழியாக உள்ளுறை ஸ்டென்ற் வைப்பது மற்றது. சில நாட்களில் வீடு திரும்பலாம். ஆனால் எல்லாருடைய குழாய் அமைப்பும் அதற்குப் பொருந்தாது. பெண்களின் குழாய்கள் சிறியன என்பதால் பொருந்தாமல் போவது அதிகம். பொருத்திய பின்பும் கசிவு உண்டா என்று ஆயுள் முழுவதும் ஸ்கான் செய்ய வேண்டும். எது நல்லது என்பதை நிபுணரோடு பேசித்தான் முடிவெடுக்கலாம். "செய்யாவிட்டால் என்ன நடக்கும், செய்தால் என்ன ஆபத்து, என் வயதுக்கு எது பொருத்தம்?" என்ற மூன்று கேள்விகளையும் தயங்காமல் கேளுங்கள்.

செலவு வந்தால் ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு விண்ணப்பிக்கலாம். 2025 பெப்ரவரியிலிருந்து அந்தச் சேவையைப் பிரதேச செயலகங்களிலும் பெற முடிகிறது. இதற்காகக் கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை.

பயத்தை என்ன செய்வது?

ஷெல் சத்தத்துக்குள் வாழ்ந்தவர்களுக்குத் "எப்ப வெடிக்குமோ" என்ற சொல்லே வேறு விதமாகக் கேட்கும். வீக்கம் வெடிக்கலாம் என்று டொக்டர் சொன்னதும் சிலருக்குப் பழைய நினைவுகளும் கெட்ட கனவுகளும் திரும்பி வருவதில் வியப்பில்லை. அதை வெட்கமாக நினைக்க வேண்டாம். வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் பேசலாம். ஊரில் உள்ள பெண்கள் அமைப்பிலும் பேசலாம். சிறிய வீக்கம் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு அந்த வருடத்தில் எதுவும் நடப்பதில்லை என்பதை மனதில் இருத்துங்கள்.

தனியாக வாழும் பெண்கள் பக்கத்து வீட்டு ராத்தாவிடமோ அக்காவிடமோ நோயைப் பற்றிச் சொல்லி வைப்பது அவசியம். "நோய் இருக்கு என்று தெரிந்தால் மகளுக்கு மாப்பிள்ளை வராது" என்று மறைப்பவர்கள் உண்டு. நடு இரவில் வலி வந்தால் கதவைத் தட்டப் போவது அந்தப் பக்கத்து வீட்டைத்தான். கொப்பி எங்கே இருக்கிறது, எந்த இலக்கத்துக்கு அழைப்பது என்பதை வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் பழக்குங்கள்.

கிளினிக் நாளில் கூலி வேலை போகிறது, பஸ் காசு இல்லை, பிள்ளையைப் பார்க்க ஆளில்லை என்பன உண்மையான தடைகள். ஒரே பகுதியில் உள்ள நான்கைந்து பேர் ஒரே நாளில் சேர்ந்து போகலாம். சிறு சேமிப்புக் குழுக்கள் கிளினிக் பயணத்துக்கென ஒரு சிறு தொகையை ஒதுக்கலாம். ஒருவருடைய பிள்ளையை மற்றவர் பார்த்துக்கொள்ளலாம். யுத்த காலத்திலும் இப்படித்தான் ஒருவரை ஒருவர் தாங்கினோம்.

சகோதரிகளே, அலுமாரிக்குள் போட்டு வைத்த ஸ்கான் துண்டு உங்களிடம் இருந்தால் இன்றே எடுத்துப் பாருங்கள். அடுத்த திகதி கடந்துபோயிருந்தால் கவலைப்பட்டுக்கொண்டிருக்க வேண்டாம். வருகிற கிளினிக் நாளில் அந்தத் துண்டோடு போய் வரிசையில் நில்லுங்கள்.